நூலகர்களின் குடிமராமத்து

நமது கிராமங்களில் ஏரியையும் குளத்தையும் காத்துவந்த பழைய ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர். மழை வருமுன் ஊரார் கூடுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வருவான். வாய்க்காலில் தூர் எடுப்பதும், கரை கரைந்த இடத்தில் மண் போடுவதும், மதகைச் செப்பனிடுவதும் எல்லோருக்கும் பொதுவான வேலை. ஏரி நிரம்பினால் தன் வயலும் விளையும், ஏரி தூர்ந்தால் தன் வயலும் காயும் என்ற எளிய கணக்கு ஒவ்வொருவனுக்கும் தெரிந்திருந்தது. இவ்வழக்கம் தளர்ந்த காலத்தில், அதைச் சட்டத்தினால் நிலைநிறுத்தலாம் என்று எண்ணி, 1858-ஆம் வருஷத்தில் ஆங்கில சர்க்கார் சென்னை ராஜதானிக்குக் கட்டாய வேலைச் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். சட்டம் ஏட்டில் இருந்தது. ஏரிகள் தூர்ந்துகொண்டே வந்தன. பொதுச் சொத்து என்ற உணர்ச்சி போனபின் வெறும் கட்டாயத்தினால் கரை உயராது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம் நீர்நிலையைப் பற்றியதன்று. நூல் நிலையத்தைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை பெரிது. நூல் நிலையங்களில் ஊழியம் செய்வோர் பல்லாண்டு அநுபவத்தால் தேடிக்கொள்ளும் தொழிலறிவும் ஒரு பொது ஏரியே. அந்த ஏரிக்குக் கரை உண்டா? தூர் எடுப்பார் உண்டா? பிற தேசங்களில் நூலகர்கள் விக்கி, வலைப்பதிவு என்னும் இரண்டு கருவிகளைக் கொண்டு இதற்கு வழி தேடியிருக்கிறார்கள். அவர்கள் செய்தவற்றுள் நாம் பின்பற்றத் தக்கவையும் உண்டு; எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கவையும் உண்டு. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, நமது நாட்டு நூலகர்களுக்கும் சர்க்காருக்கும் சில யோசனைகளைக் கூற விரும்புகிறோம்.

நோட்டுப் புத்தகத்தோடு போகும் அறிவு

ஒரு கிளை நூலகத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் ஊழியம் செய்த நூலகர் ஒருவர் அங்கே இருக்கிறார். எந்த அலமாரியில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும், எந்த மூலையில் கரையான் அரிக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழைய ஓலைச் சுவடிக்கு எலுமிச்சம்புல் தைலம் எவ்வளவு தடவ வேண்டும் என்பது தெரியும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எதைக் கேட்கும், சொத்து வழக்குக்காரர் எந்தப் பழைய கெஜட்டைத் தேடி வருவார் என்பது தெரியும். இவற்றுள் எதுவும் அச்சிட்ட புத்தகத்தில் இல்லை. பாதி அவருடைய தலையிலும், பாதி மேஜை இழுப்பறையில் உள்ள ஒரு நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போடுகிறார்கள், புகழ்ந்து பேசுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் புதியவர் வருகிறார். நோட்டுப் புத்தகம் பழைய காகிதத்தோடு எடைக்குப் போகிறது. முப்பது வருஷப் பாடத்தைப் புதியவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

தமிழ் நூல்களைப் பட்டியலிடுவதில் உள்ள சங்கடம் ஒன்றை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நம் ஆசிரியர்களுக்குப் புனைபெயர் அதிகம். கல்கி என்பவரும் ரா. கிருஷ்ணமூர்த்தி என்பவரும் ஒருவரே, புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. பாரதியார் ஷெல்லிதாஸ், காளிதாசன், சக்திதாசன் என்றெல்லாம் கையெழுத்திட்டவர். மகாமகோபாத்தியாய சாமிநாதையரை ஒரு புத்தகம் முழுப் பெயராலும், மற்றொன்று உ.வே.சா. என்ற எழுத்துக்களாலும் குறிக்கிறது. தலைப்பெழுத்தை முன்னே போடுவதா, பின்னே போடுவதா? ஊர்ப் பெயரோடு சேர்த்து அகராதிப்படுத்துவதா, இயற்பெயரால் அகராதிப்படுத்துவதா? இங்கிலீஷ் எழுத்தில் பெயர் எழுதப் புகுந்தாலோ, ஒரே ஆசிரியருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல்கள் கிளம்பிவிடும்.

இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு நூலகர் கஷ்டப்பட்டு விடை கண்டிருக்கிறார். அடுத்த தாலூகாவில் உள்ளவருக்கு அது தெரியாது. அவரும் தனியே கஷ்டப்படுகிறார். பெரும்பாலும் வேறொரு விடைக்கு வந்து சேருகிறார். விளைவு என்ன? ஒரே ஆசிரியர் ஓர் ஊர்ப் பட்டியலில் ஒரு பெயரோடும், அடுத்த ஊர்ப் பட்டியலில் வேறு பெயரோடும் நிற்கிறார். புத்தகம் அலமாரியில் இருக்கிறது. தேடி வந்தவன் இல்லையென்று எண்ணித் திரும்பிப் போகிறான். கணினி வந்தபின் இக்குழப்பம் நீங்கவில்லை. யூனிக்கோடு முறை நிலைபெறுமுன் பற்பல எழுத்துருக்களில் ஏற்றிய பட்டியல்களைப் புதிய முறைக்கு மாற்றும் வேலையையும் அவரவர் தனித்தனியாகவே செய்ய வேண்டியிருந்தது. ஒரு முறை ஒருவர் கண்ட வழி எல்லோருக்கும் எட்டுமானால் எத்தனை மனித நாட்கள் மிச்சமாகும்!

அமெரிக்க நூலகர்கள் கண்ட வழி

விக்கி என்பது யாரும் படிக்கவும், படிப்பவர் தாமே திருத்தவும் இடந்தருகிற பொதுப் பதிவேடு. வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1995-ல் முதன் முதலாக இதை இணையத்தில் அமைத்தார். ஹவாய்த் தீவின் பாஷையில் விக்கி என்றால் விரைவு என்று அர்த்தம். ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயரை அவர் தமது கருவிக்கு வைத்தார். 2001-ல் தோன்றிய விக்கிப்பீடியா இதன் வழி வந்ததே. வலைப்பதிவு என்பது ஒருவர் தேதியிட்டு எழுதி ஊரறியத் திறந்து வைத்திருக்கும் தினக்குறிப்பு. வலைப்பதிவு திண்ணைப் பேச்சைப் போன்றது. விக்கி ஊர்க் கணக்கைப் போன்றது. திண்ணையில் பேசித் தெளிந்ததைக் கணக்கில் ஏற்றி வைத்தால்தான் அடுத்த தலைமுறைக்கு அது எட்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் வெர்மான்ட் என்பது சிறியதொரு ராஜ்யம். அங்கே ஜெஸ்ஸமின் வெஸ்ட் என்ற நூலகர் 1999 முதல் ஒரு வலைப்பதிவு நடத்திவந்தார். அதே ராஜ்யத்தில் ஒரு சர்வகலாசாலையில் வேலை பார்த்த மெரடித் பார்க்கஸ் என்ற பெண்மணி, 2005-ல் நூலகர்களுக்கென்று ஒரு விக்கியைத் தொடங்கினார். எந்த நூல் நிலையத்தில் எந்தக் காரியம் நன்றாக நடந்தது, எப்படி நடந்தது என்பதை அங்கங்குள்ளவர்களே எழுதிவைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பெரிய ஸ்தாபனத்தின் உத்தரவு எதுவும் அவர் பின்னால் இல்லை. ஒரு தனி நூலகர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கரைக்கு வந்தார், அவ்வளவே.

அதே ஆண்டில் ஓஹையோ சர்வகலாசாலையில் வியாபாரப் பாடத்துக்குரிய நூலகராக இருந்த சாட் போனிங்கர் வேறொரு வழியில் போனார். மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரே விதமான கேள்விகளைக் கேட்கிறார்கள்: ஒரு கம்பெனியின் வரவு செலவை எங்கே பார்ப்பது, ஒரு தொழிலின் நிலவரத்தை எந்த நூலில் காண்பது என்பன போன்றவை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை விட, விடையை ஒரு விக்கியில் எழுதிவைத்து, வேண்டியபோது திருத்திக்கொண்டு வந்தால் என்ன என்று அவர் நினைத்தார், செய்தும் காட்டினார். இந்தியானாவில் செயின்ட் ஜோசப் ஜில்லாப் பொது நூல் நிலையம் தனது விஷய வழிகாட்டிகளை விக்கியாகவே அமைத்தது. பொருளகராதி ஒரு முறை அச்சிட்டு முடிந்துபோகும் காரியமன்று, நாள்தோறும் வளர வேண்டியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் விட நமது கவனத்துக்குரியது 2006-ல் ஷார்லட் நகரத்துப் பொது நூல் நிலையத்தில் நடந்தது. ஹெலன் புளோவர்ஸ் என்ற உத்தியோகஸ்தர், புதிய கருவிகளைக் கண்டு அஞ்சி ஒதுங்கியிருந்த சிப்பந்திகளுக்காக இருபத்துமூன்று சிறு பயிற்சிகளை வகுத்தார். முதற் பயிற்சிகளில் ஒன்று, ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பதிவு தொடங்குவது. பின்னால் வருவதில் ஒன்று, பொது விக்கியில் தம் கையால் ஒரு வரி சேர்ப்பது. மேலதிகாரி முதல் புத்தகம் அடுக்குபவர் வரை எல்லோருக்கும் பாடம் ஒன்றே. முடித்தவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவி பரிசு. தமது பாடத்திட்டத்தை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. யார் வேண்டுமாயினும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அநுமதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் யாரா பிளென்டி நூல் நிலையத்தார் உடனே எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் பல தேசங்களில் அது பரவிற்று. ஓர் ஊரில் தோன்றிய யோசனை, விலையின்றியும் தரகரின்றியும் பூகோளத்தைச் சுற்றி வந்தது.

2016 முதல் மற்றொரு முயற்சி நடந்து வருகிறது. ஒவ்வொரு நூலகரும் விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாமல் நிற்கும் ஒரு வாக்கியத்துக்கு ஓர் ஆதாரம் சேர்க்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்பதில்லை. குடிமராமத்தில் ஆளுக்கு ஒரு கூடை மண் என்பது இதுதான்.

அறிவோடு தைரியமும் பரவுகிறது

நூலகர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினால் தொழில் நுணுக்கம் மட்டும் பரவும் என்று எண்ணுவது தவறு. 2001-ல் அமெரிக்க சர்க்கார் பயங்கரவாதத்தைத் தடுக்கிறோம் என்று ஒரு சட்டம் செய்தார்கள். யார் எந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தார் என்று ரகசியப் போலீஸார் நூல் நிலையத்தைக் கேட்கலாம்; கேட்டார்கள் என்பதை நூலகர் வெளியிடக் கூடாது என்பது அச்சட்டத்தின் கொடுமையான அம்சங்களில் ஒன்று. மேற்சொன்ன ஜெஸ்ஸமின் வெஸ்ட் இதற்கு ஒரு யுக்தி கண்டார். இதுவரை போலீஸார் இங்கே வரவில்லை, இந்தப் பலகை அகற்றப்படுகிறதா என்று கவனித்து வாருங்கள் என்னும் கருத்துப்பட ஓர் அறிவிப்புப் பலகையை எழுதித் தமது வலைப்பதிவில் வெளியிட்டார். வந்ததைச் சொல்லத்தானே தடை? வராததைச் சொல்லத் தடை இல்லையே! அதைக் கண்ட மற்ற நூலகர்கள் தங்கள் நூல் நிலையங்களிலும் அப்படியே எழுதி மாட்டினார்கள்.

ஜனங்கள் எதைப் படிக்கிறார்கள் என்பது ஜனங்களின் சொந்த விஷயம். அதைக் காக்கும் கடமை நூலகருடையது. தனியாக நிற்கும் நூலகருக்கு அந்தக் கடமையைச் செய்யத் தைரியம் வருவது கடினம். தன்னைப் போல் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அறிந்தவருக்கு அது எளிது. ராஜீய ஊழியத்தில் ஈடுபட்ட நமது வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தூர்ந்துபோன ஏரிகள்

இனி எச்சரிக்கையான பாகத்துக்கு வருவோம். 2005-ஐ ஒட்டித் தோன்றிய நூலகர் விக்கிகளிலும் வலைப்பதிவுகளிலும் பல பின்னர் ஓய்ந்துபோயின. தொடங்கியவர் வேறு வேலைக்குப் போனார், எழுதியவர் சலித்தார், புதியவர் வரவில்லை. அதற்குக் காரணம் கருவியின் குறையன்று. எழுதும் வேலை யாருடைய உத்தியோகக் கடமையிலும் சேரவில்லை. வீட்டுக்குப் போனபின், இரவில், சொந்த நேரத்தில் செய்கிற வேலையாக அது இருந்தது. உற்சாகத்தால் ஏரி வெட்டலாம். முறை வைத்துத் தூர் எடுத்தால்தான் ஏரி நிற்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் கொடியது. பலர் தங்கள் விக்கிகளை ஏதோ ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்த இடத்தில் அமைத்தார்கள். விக்கிஸ்பேஸஸ் என்ற நிறுவனம் அவ்வாறு இடம் கொடுத்துவந்தது. உபாத்தியாயர்களும் நூலகர்களும் ஏராளமாக அங்கே எழுதி வைத்திருந்தார்கள். 2018-ல் அந்நிறுவனம் கடையைக் கட்டத் தொடங்கி, மறு வருஷ ஆரம்பத்துக்குள் முழுவதும் மூடிவிட்டது. முன்னெச்சரிக்கையாகப் பிரதி எடுத்துக்கொண்டவர்களின் உழைப்பு பிழைத்தது, மற்றவர்களுடையது போயிற்று. இரவல் மனையில் மாளிகை கட்டினவன் மனைக்காரனைக் குறை சொல்லி என்ன பயன்?

இன்று நம் நாட்டில் இதைவிட லேசான ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. நூலகர்கள் வாட்ஸப் குழுக்களில் பேசிக்கொள்கிறார்கள். பேசாமல் இருப்பதை விட இது மேல் என்பதில் சந்தேகமில்லை. காலையில் ஒருவர் கேட்ட கேள்விக்கு மத்தியானத்துக்குள் விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த விடை மறுநாள் எங்கே? நூறு வாழ்த்துச் செய்திகளுக்கும் பூப்படங்களுக்கும் அடியில் அது புதைந்து கிடக்கிறது. அடுத்த வருஷம் வேலைக்கு வருகிறவர் அதைக் காண வழியில்லை. குழுவில் இல்லாதவருக்கும் காண வழியில்லை. ஆகவே அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார்கள். மழை பெய்கிறது; தண்ணீர் ஓடிக் கடலில் விழுகிறது. தேக்கிவைக்க ஏரி இல்லை.

தீயிலிருந்து ஒரு பாடம்

தமிழருக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று சிலர் தலையை அசைக்கக்கூடும். அவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1981-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி இரவு, போலீஸார் உள்ளிட்ட கும்பல் வைத்த தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 புத்தகங்களும், ஈடு செய்ய முடியாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. கட்டிடத்தைப் பின்னர் திரும்பக் கட்டினார்கள். ஒரே ஒரு பிரதியாக இருந்து எரிந்த சுவடியைத் திரும்பக் கட்டுவது யாரால் ஆகும்?

2005-ல் இலங்கைத் தமிழ் இளைஞர் சிலர் ‘நூலகம்’ என்ற பெயராலேயே ஓர் இணைய நூல் நிலையத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், விழா மலர்கள், கையெழுத்துப் பிரதிகள் ஆகியவற்றைத் தேடி, படமெடுத்து, எவரும் படிக்கும்படி ஏற்றிவருகிறார்கள். பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. நாம் முக்கியமாகக் குறிப்பிட விரும்புவது, அதன் பட்டியல் ஒரு விக்கியாக அமைந்திருக்கிறது என்பதே. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம். ஆசிரியர், பதிப்பு வருஷம், பொருளடக்கம் எல்லாம் அங்கே பதிவாகின்றன. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களிலும் இந்த வேலை நிற்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நெருப்புக் குச்சிக்கு இரையாகும், பலரறியப் பலவிடங்களில் இருப்பது எளிதில் அழியாது என்ற பாடத்தை அவர்கள் மிகக் கொடிய உபாத்தியாயரிடம் கற்றிருந்தார்கள்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதற்கு மற்றொரு சாட்சி. கிரந்த எழுத்தை வைப்பதா, தள்ளுவதா. தமிழ் நாட்டு வழக்கைக் கொள்வதா, இலங்கை வழக்கைக் கொள்வதா என்று அங்கே நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. சண்டையெல்லாம் உரையாடல் பக்கத்தில் பகிரங்கமாகவே நடந்தது, காரியமும் நடந்தது. கூடி வேலை செய்யத் தமிழனுக்குத் தெரியாது என்ற பழிக்கு இதுவே போதிய மறுமொழி.

சில ஆட்சேபங்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் பிழை மலியாதா என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் விக்கியில் ஒவ்வொரு மாற்றமும், செய்தவர் அடையாளத்தோடும் நேரத்தோடும் பதிவாகிறது; தவறு கண்டவர் பழைய பக்கத்தை ஒரு நொடியில் மீட்கலாம். அச்சேறிய பட்டியலில் புகுந்த பிழையோ அடுத்த பதிப்பு வரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. நூலகர் விக்கியில் எழுதும் உரிமையை நூலகர்களுக்கு மட்டும் வைத்து, படிக்கும் உரிமையை உலகத்துக்கெல்லாம் கொடுப்பதும் சாத்தியமே.

தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டால் நமக்கு என்ன மதிப்பு என்று சில மூத்த நூலகர்கள் மனத்துக்குள் நினைக்கலாம். மருந்தை மறைத்து வைத்த வைத்தியர்களால் நமது வைத்தியம் அடைந்த கதியை அவர்கள் யோசிக்க வேண்டும். அறிவை மறைத்தவர் பெயர் அவரோடு போகிறது. எழுதியவர் பெயர் பக்கத்தின் வரலாற்றில் நிற்கிறது.

கேட்டவுடன் பதில் சொல்லும் செயற்கை அறிவு யந்திரங்கள் வந்துவிட்ட பிறகு இதெல்லாம் எதற்கு என்பது மூன்றாவது ஆட்சேபம். 2025-ஆம் வருஷம் மே மாதத்தில் சிகாகோ நகரத்துப் பத்திரிகை ஒன்று, கோடைகாலத்தில் படிக்கத் தக்கவை என்று 15 புத்தகங்களின் ஜாபிதாவை வெளியிட்டது. அவற்றில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லாதவை. பிரசித்தி பெற்ற ஆசிரியர்களின் பெயரில் யந்திரம் தானாகக் கற்பித்த தலைப்புக்கள் அவை. இல்லாத புத்தகத்தை உண்டு என்று கூசாமல் சொல்லும் யந்திரத்தின் காலத்தில், உண்டு என்பதையும் இல்லை என்பதையும் அலமாரியைப் பார்த்துச் சொல்ல வல்லவர் நூலகர் ஒருவரே. மேலும், யந்திரம் பேசுவது பிறர் எழுதி வைத்ததைக் கொண்டுதான். தமிழ் நூல்களைப் பற்றித் தமிழ் நூலகர்கள் எழுதி வையாவிட்டால், அந்த வெற்றிடத்தில் கற்பனைச் சரக்கு வந்து நிரம்பும். அதை நம்பிப் படிக்கப் போகிறவர்கள் நமது பிள்ளைகள்.

நாம் செய்ய வேண்டியது

இந்தத் துறையில் நாம் பிறருக்கு வழி காட்டியவர்கள். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகரானார். 1928-ல் சென்னையில் நூலகச் சங்கம் கண்டார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றும் உலகத்து நூலகர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். வாசகரின் காலம் வீணாகக் கூடாது, நூல் நிலையம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரினம் என்பன அவற்றுள் இரண்டின் கருத்து. நூலகர் ஒவ்வொருவரும் தனித்தனியே தடுமாறினால் வாசகரின் காலம் வீணாகாமல் என்ன செய்யும்? அநுபவம் சேமிக்கப்படாத உயிர் எப்படி வளரும்? அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். அன்றைக்குக் கையில் கிடைத்த கருவி மாட்டு வண்டி. இன்றைக்குக் கையில் இருக்கும் கருவி விக்கி.

1948-ல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்தர இந்தியாவில் இத்தகைய சட்டம் அதுவே முதல். வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறவர்கள் ஜனங்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பொது நூலகங்கள் இன்று தமிழ் நாட்டில் இருக்கின்றன. 2010-ல் சென்னையிலும் 2023-ல் மதுரையிலும் பெரிய நூலக மாளிகைகள் திறக்கப்பட்டன, மகிழ்ச்சியே. மாளிகைக்குச் செலவிடத் தெரிந்த நமக்கு, நாலாயிரம் நூலகர்களின் அநுபவத்தைச் சேமிக்க ஒரு பதிவேடு வைக்கத் தெரியாதா? அதற்கு ஆகும் செலவு ஒரு மாளிகையின் விளக்குச் செலவுக்கும் காணாது.

நமது யோசனைகள் இவை. தமிழ் நாட்டுப் பொது நூலகர்களுக்கென்று ஒரே விக்கி, தமிழிலேயே, ஏற்பட வேண்டும். இலங்கை, மலேயா, சிங்கப்பூர்த் தமிழ் நூலகர்களும் அதில் எழுத இடமிருக்க வேண்டும். கல்லூரி நூலகர்களையும், தனியார் சுவடிச் சாலைகளைக் காப்பவர்களையும் விலக்கக் கூடாது. முதல் வேலையாக ஆசிரியர் பெயர்களுக்கும் புனைபெயர்களுக்கும் ஒரு பொது ஜாபிதா எழுதப்படட்டும். அது ஒன்று முடிந்தாலே வாசகர்களுக்கு ஆகும் நன்மை கொஞ்சமல்ல.

வாரத்தில் இரண்டு மணி நேரம் இந்த வேலைக்கென்று உத்தியோக நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். குறைந்த ஊதியத்தில் பகுதி நேர நூலகங்களை நடத்துகிறவர்களுக்கு அந்த நேரத்துக்குரிய ஊதியமும் தர வேண்டும். தேச சேவை என்று சொல்லி ஏழைச் சிப்பந்தியின் இரவு நேரத்தைப் பறிப்பது சேவையுமன்று, நியாயமுமன்று. தொழில் சம்பந்தமாக எழுதும் நூலகர் முன்கூட்டி யாரிடமும் அநுமதி கேட்க வேண்டியதில்லை என்று சர்க்கார் எழுத்து மூலம் உறுதி கூற வேண்டும். மேலதிகாரி என்ன சொல்வாரோ என்ற அச்சம் இருக்குமிடத்தில், எல்லாம் செவ்வனே நடக்கிறது என்ற ஒரே வரிதான் எழுதப்படும். கரையில் எங்கே ஓட்டை என்பது வெளிவராது. ஓட்டையைச் சொல்லாத கணக்கு ஏரிக்கு உதவாது.

இந்த விக்கி எந்தக் கம்பெனியின் இரவல் மனையிலும் இருக்கக் கூடாது. பொதுச் செலவில், நமது சொந்த இடத்தில் இருக்க வேண்டும். மாதந்தோறும் முழுப் பிரதி எடுத்துப் பல ஊர்களில் வைக்க வேண்டும். அதில் உள்ளதை எவரும் எடுத்து வெளியிடலாம் என்று பகிரங்க அநுமதி தரவேண்டும். மந்திரி சபை மாறினாலும், இலாகா மாறினாலும், தீயே பிடித்தாலும் அழியாதிருக்க இதுவே வழி. ஏரிக்கு மடை திறந்து அடைக்க ஒரு நீர்க்கட்டியை ஊரார் வைத்திருந்ததுபோல, ஜில்லாவுக்கு ஒருவரை ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்து இந்தப் பதிவேட்டைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். அவரை நூலகர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சர்க்கார் உத்தரவு வரும்வரையில் காத்திருக்க வேண்டுமா என்று நூலகர்கள் கேட்டால், வேண்டாம் என்போம். வெர்மான்ட் பெண்மணி எந்த உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து இளைஞர்களும் காத்திருக்கவில்லை. ரங்கநாதன் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்டு 12-ந் தேதி, மாலையும் பிரசங்கமும் போதும் என்று நிறுத்திவிடாமல், ஒவ்வொரு நூலகரும் தம் அநுபவத்தில் தெளிந்த ஒரு விஷயத்தைப் பிறர் காணும் இடத்தில் எழுதி வைக்கட்டும். ஒரு புனைபெயரின் உண்மைப் பெயராக இருக்கலாம். கரையானை விரட்டிய ஒரு வழியாக இருக்கலாம். தாம் செய்து தோற்றுப்போன ஒரு முயற்சியாகவும் இருக்கலாம்.

நூலகரல்லாத நமது வாசகர்களுக்கும் வேலை உண்டு. அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்துக்குப் போகும்போது, நூலகரின் மேஜை இழுப்பறையில் உள்ள அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி விசாரியுங்கள். அதில் உள்ளதைத் தட்டச்சுச் செய்ய ஆள் இல்லையென்று அவர் சொன்னால், நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்துகொடுங்கள். அவர் ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே செய்துகொடுங்கள்.